இரண்டு படகுகளை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெடும்பயணத்துக்கு ஏற்ற இரண்டு படகுகளை எதிரெதிரே நிறுத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். வயது, நீளம், படுக்கைகள், என்ஜின் ஓடிய மணி, மின்னணுக் கருவிகள், பாய்களின் நிலை, அடிப்பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண். கூட்டிப் பார்த்து அதிகம் வாங்கிய படகை வாங்கலாம் என்று கட்டுரை முடிகிறது. எழுதியவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி ஒரு குடும்பம் சேமிப்பையெல்லாம் கொட்டிப் படகு வாங்கி, அதிலேயே பிள்ளைகளோடு கடலுக்குப் போகக்கூடும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கண்ணாடி இழைப் (ஃபைபர்கிளாஸ்) படகுகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். வாங்குவதற்கு முன்னால் எங்களிடம் வந்தவர்கள் குறைவு. வாங்கிய பிறகு வந்தவர்கள்தான் அதிகம். அவர்களில் எவரும் திசைகாட்டும் திரை வேலை செய்யவில்லை என்றோ மெத்தை நைந்துவிட்டது என்றோ கண்கலங்கி நின்றதில்லை. மேல்தளம் ஊறிப்போய்விட்டது, படகு கவிழாமல் அடியில் எடையாக நிற்கும் அடிக்கட்டை உடலோடு இணையும் இடத்தில் நீர் கசிகிறது, பாய்மரத்தைத் தாங்கும் தகடு அரித்துவிட்டது என்றுதான் வந்தார்கள். புதிய திரையை நாளைக்கே வாங்கி ஒரு பிற்பகலில் பொருத்திவிடலாம். ஊறிய தளத்தைப் பிரித்துக் கட்ட மாதக்கணக்கில் ஆகும். தங்கள் பட்டியலில் இரண்டுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். அடிப்பகுதியில் இரண்டே மதிப்பெண் பெற்ற படகு, கருவிகளிலும் படுக்கைகளிலும் ஒன்பது ஒன்பதாக வாங்கி முதலிடம் பிடித்துவிட முடியும். என் மறுப்பு இந்த ஒரு இடத்தில்தான்.

சென்ற ஆண்டு என் தங்கை மகளும் அவள் கணவரும் இதே நிலையில் இருந்தார்கள். பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு படகுகள் மிஞ்சின. ஒன்று 1970களில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. ஒடுங்கிய உடல், நீண்டு சாய்ந்த முன்னும் பின்னும், உள்ளே முழுக்கத் தேக்கு. மற்றது 2000க்குப் பிறகு கட்டப்பட்ட 34 அடிப் படகு. அகன்ற பின்பகுதி, வெள்ளை வெளேரென்ற உள்ளறை, தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் வார்க்கப்பட்ட வகை. கேட்ட விலை ஏறத்தாழ ஒன்றுதான். மாப்பிள்ளையின் மனம் பழையதன்மீது. தங்கை மகளுக்கு இரண்டும் பிடித்திருந்தது. "மாமா, நீங்கள் வந்து தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். எனக்கே ஒடுங்கிய பழைய உடல்கள்மீது பெருங்காதல் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அலையில் அவை அசையும் விதமே வேறு.

நான் முதலில் கேட்டது: எங்கே போகப் போகிறீர்கள்? இந்தக் கேள்விக்குத் தங்கள் பட்டியலில் இடமே இல்லை. இரண்டு படகுகளில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஆழமில்லாத முகத்துவாரங்களில் நுழைந்து நுழைந்து கரையோரமாகப் போகிறவர்களுக்கு ஒரு படகு, வாரக்கணக்கில் கரையைப் பார்க்காமல் போகிறவர்களுக்கு இன்னொரு படகு. இவர்கள் முதல் இரண்டு பருவம் கரையோரம், பிறகு பருவக்காற்றைப் பார்த்து ஒரு பெருங்கடலைக் கடப்பது என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆகவே இரண்டையும் பெருங்கடல் கணக்கில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

காகிதத்தில் கிடைக்கும் எண்களை நான் ஒதுக்குவதில்லை. 1979 ஆகஸ்ட்டில் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பிப் புயலில் மாட்டின. பந்தயத்தில் சென்ற 15 பேர் இறந்தார்கள். 24 படகுகள் கைவிடப்பட்டன, அவற்றில் 5 மூழ்கின. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒரே ஒரு படகு. அது ஒடுங்கிய உடல்கொண்ட கான்டெஸா 32 வகை. அகன்று இலேசான படகு ஏன் எளிதில் கவிழ்கிறது, கவிழ்ந்தபின் ஏன் நிமிர மறுக்கிறது என்ற ஆராய்ச்சி அதன்பிறகுதான் சூடுபிடித்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றும் வாங்குவோர் போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64 ஆல் வகுத்து, அதன் கனமூலத்தைக் கண்டு, அடியில் எடுத்த படகின் அகலத்தை அந்தக் கனமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2க்கு மேல் போனால் நடுக்கடலுக்கு யோசிக்க வேண்டிய படகு.

எங்கள் இரண்டு படகுகளின் எடையும் ஏறத்தாழ 12,000 பவுண்டுதான். பழையதன் அகலம் 10 அடி, புதியதன் அகலம் பதினொன்றரை அடி. பழையதற்கு 1.75 வந்தது. புதியதற்கு 2.01. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவரைப் பொறுக்கச் சொன்னேன். அந்தக் கணக்குக்கு எடை எவ்வளவு என்று தெரியுமே தவிர, எடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அடிக்கட்டையின் நுனியில் ஈயக்குமிழாகத் தொங்கும் எடைக்கும், மேலே அலமாரிகளில் அடைத்த எடைக்கும் அதில் வேறுபாடு இல்லை. புதிய படகின் நிலைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கினோம். எத்தனை பாகைவரை சாய்ந்தால் படகு தானாக நிமிரும் என்பதை அந்த வரைகோடு காட்டும். ஒற்றை எண்ணைவிட அது நம்பகமானது. ஐரோப்பியச் சந்தைக்காக 1998 ஜூனுக்குப் பிறகு கட்டப்பட்ட படகானால், ஏ, பி, சி, டி என்று எந்தப் பிரிவுக்குத் தகுதி பெற்றது என்பது ஒரு தகட்டில் பொறித்திருக்கும். ஏ என்றால் காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தாண்டும் காற்றையும் 4 மீட்டரைத் தாண்டும் அலையையும் கருதிக் கட்டியது. புதிய படகில் ஏ இருந்தது. ஆனால் அந்தத் தகடு கட்டிய நாளைப் பற்றிப் பேசுகிறது. அதற்குப் பிறகு அந்தப் படகு எந்தப் பாறையில் மோதியது என்று தகட்டுக்குத் தெரியாது.

வேகத்தைப் பற்றி ஒரு வரி போதும். நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு 1.34 ஆல் பெருக்கினால் இத்தகைய படகு எட்டக்கூடிய வேகம் நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) கிடைக்கும். பழையதற்கு நீரில் 25 அடிதான். 6.7 நாட். புதியதற்கு 30 அடி. 7.3 நாட். தங்கள் கட்டுரை ஒப்பிட்ட முழு நீளம் இதைச் சொல்லாது.

இனிப் படகுக்கு வருகிறேன். இரண்டையும் கரையேற்ற வேண்டும், படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் ஒருவரே இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு படகை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் பார்த்தால் நம் கையில் இருப்பது இரண்டு மனிதர்களின் சுபாவமே ஒழிய இரண்டு படகுகளின் ஒப்பீடு அல்ல. ஒருவர் சிறு கீறலையும் பக்கம் பக்கமாக எழுதுவார், இன்னொருவர் பெரிய விரிசலையும் "கவனிக்கத்தக்கது" என்று முடித்துவிடுவார். செலவு கூடுதல்தான். வாங்காத படகுக்கும் கூலி கொடுத்தோமே என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அந்தக் கூலிதான் இந்த முழு வேலையிலும் நன்றாகச் செலவான பணம்.

புதிய படகில் அதிக நேரத்தை அடிக்கட்டையில் செலவிட்டேன். இவ்வகைப் படகில் ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன கட்டையைத் தனியாகச் செய்து, உடலோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். உள்ளே, தரைப்பலகைகளுக்குக் கீழே, கண்ணாடி இழையால் வார்த்த ஒரு சட்டகத்தை உடலோடு ஒட்டியிருப்பார்கள். கட்டையின் பாரத்தையெல்லாம் உடல் முழுவதும் பகிர்ந்துகொடுப்பது அதுதான். தரைதட்டும்போது கட்டையின் பின்முனை உடலுக்குள் மேல்நோக்கிக் குத்தும், முன்முனை கீழே இழுக்கும். வெளியே ஒரு சிராய்ப்புகூடத் தெரியாமல் உள்ளே அந்தச் சட்டகம் ஒட்டு விட்டிருக்கலாம். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு அடிக்கட்டை கழன்று கவிழ்ந்து நால்வர் மாண்டதை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வு அமைப்பு, முன்பு நேர்ந்த தரைதட்டல்களும் அதைத் தொடர்ந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அந்த அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று அறிக்கை தந்தது. போல்ட் போட்ட அடிக்கட்டை உள்ள எந்தப் படகைப் பார்த்தாலும் அந்த நால்வரும் என் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆகவே தரைப்பலகைகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தோம். விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு சட்டகத்தின் ஒவ்வொரு மூலையையும் பார்த்தேன். பின்முனை போல்ட்டைச் சுற்றி முடிபோன்ற விரிசல் ஓடுகிறதா, புதிதாகப் பூசிய வண்ணம் மட்டும் தனியாகப் பளபளக்கிறதா, போல்ட் தலைக்குக் கீழிருக்கும் தகடு உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று. சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் சட்டகத்தின் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கும் இடம் "டக்" என்று கணீரெனப் பேசும். விட்டுப்போன இடம் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் பேசும். ஒரு சுற்று முழுவதும் ஒரே குரல். பிறகு வெளியே வந்து, கிரேனில் படகு தொங்கும்போது அடிக்கட்டை இணையும் கோட்டில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. படகை அடிக்கட்டைமேல் நிற்க வைத்த பிறகும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். தொங்கும்போது திறந்து அமரும்போது மூடும் இணைப்பு என்றால் அந்தப் படகை விட்டு விலகிவிட வேண்டியதுதான். இது அசையவில்லை. கோட்டில் ஈரமும் கசியவில்லை.

பழைய படகில் இந்தக் கவலை இல்லை. அதன் எடை உடலோடு சேர்த்தே உள்ளே வார்க்கப்பட்டிருந்தது. போல்ட்டே கிடையாது. அக்காலத்தில் கண்ணாடி இழையை எவ்வளவு போட்டால் போதும் என்று துல்லியமாகக் கணக்கிடாமல் தாராளமாகப் போட்டார்கள். உடலைத் தட்டினால் கல்லைத் தட்டியதுபோல் இருந்தது. நீர் ஊறி உடலில் எழும் கொப்புளங்களும் இரண்டொன்றுதான், அவை மேற்பரப்பில் மட்டும்.

தளத்துக்கு ஏறியதும் கதை மாறியது. தளம் என்பது ஒரே அடுக்கு அல்ல. மேலும் கீழும் மெல்லிய கண்ணாடி இழை, நடுவில் பால்சா மரத் துண்டுகள். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கச் செய்த அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு திருகும் போல்ட்டும் அதில் ஒரு வாசல். சுற்றியுள்ள பசை காய்ந்து விலகியதும் மழைநீர் அந்த வாசல் வழியாக உள்ளே போய் மரத்தைக் கூழாக்குகிறது. இந்தப் படகில் அழகுக்காகத் தேக்குப் பலகைகளைத் தளம் முழுவதும் திருகிப் பதித்திருந்தார்கள். பாய்மரத்தின் அடியில் தட்டினேன். "டக்" இல்லை, "தொப்" என்றது. ஈரமானியை வைத்ததும் முள் ஒரே தாவாகத் தாவியது. அங்கிருந்து பக்கவாட்டுக்கு, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கம்பிகள் தளத்தில் இறங்கும் இடம்வரை, மழை பெய்த மண்ணைத் தட்டுவதுபோன்ற அதே மொத்தை ஓசை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அவர் கையிலேயே சுத்தியலைக் கொடுத்தேன். தட்டிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அடுத்தது, நிலைக்கம்பிகளைப் படகின் உடலோடு பூட்டும் எஃகுத் தகடுகள். பாய்மரம் நிற்பதும் விழுவதும் இவற்றால்தான். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், காற்றுப் படாமல் ஈரம் மட்டும் தேங்கும் இடத்தில் அதுவும் உள்ளுக்குள் அரிக்கும். வெளியே தெரியும் பகுதி பளிச்சென்றே இருக்கும். தளத்துக்குள் புதைந்த இரண்டு அங்குலத்தில்தான் விரிசல். பழைய படகில் அந்தத் தகடுகளைத் தேக்கு அலமாரிகளுக்குப் பின்னால் கண்ணாடி இழை போட்டு மூடியிருந்தார்கள். எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அழகிய மரவேலையை அறுக்க வேண்டும். புதிய படகில் நாலு திருகைக் கழற்றினால் தகடு கையில் வந்துவிடுகிறது. இரண்டு படகுகளை ஒப்பிடும்போது ஒரு பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு, அதைப் பார்க்கவும் மாற்றவும் வழி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தங்கள் பட்டியலில் சேர்க்க ஒரே ஒரு வரிக்கு இடம் உண்டென்றால் இதைச் சேருங்கள் என்று வேண்டிக்கொள்வேன்.

என்ஜினைப் பற்றிக் கட்டுரை நிறையச் சொன்னது, நான் சுருக்கிக்கொள்கிறேன். குறைவான மணி ஓடியது என்பது தன்னளவில் நற்சான்று அல்ல. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் உப்புக்காற்றில் கிடந்த டீசல் என்ஜினைவிட, ஒழுங்காக எண்ணெய் மாற்றி நிறைய ஓடிய என்ஜின் எவ்வளவோ மேல். நீங்கள் போய்ச் சேரும் முன்னால் விற்பவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. கையை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் கிளம்ப வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பாரம் தாங்காமல் திணறுகிறது, அல்லது காற்று போதவில்லை. புதிய படகில் சேய்ல் டிரைவ் அமைப்பு. அதாவது என்ஜினின் கால் படகின் அடியில் வெட்டிய பெரிய துளை வழியாக நேரே நீருக்குள் இறங்குகிறது. அந்தத் துளையில் கடலைத் தடுத்து நிற்பது ஒரு ரப்பர் தடுப்பு. வால்வோ பென்டா தன் தடுப்பை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இந்தப் படகில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்த ரசீதும் இல்லை. மாற்றியாக வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். நிலைக்கம்பிகளும் அப்படியே, கட்டிய நாளிலிருந்து அதே கம்பிகள். அவற்றையும் எழுதிக்கொண்டோம். பாய்கள் இரண்டு படகிலும் தொய்ந்தவைதான், ஒன்றுக்கொன்று கழிந்துவிட்டது.

இதன்பிறகுதான் விலைக்கு வந்தோம். ஒவ்வொரு படகுக்கும் கேட்ட விலையோடு, கடலுக்குத் தகுதியாக்க ஆகும் செலவைக் கூட்டினோம். புதியதற்கு நிலைக்கம்பிகள், ரப்பர் தடுப்பு, படகின் அடியில் நீர்வழிகளை மூடித் திறக்கும் சில வால்வுகள். பழையதற்குத் தேக்குத் தளத்தை உரித்து, மேல் அடுக்கை அறுத்து, கூழான மரத்தை வாரிப்போட்டு, புதிதாக வார்த்து, அலமாரிகளைப் பிரித்துத் தகடுகளை மாற்றி மறுபடி கட்டுவது. அந்த வேலை மட்டுமே படகுக்குக் கேட்ட விலையில் பாதிக்கு மேல் வந்தது. அதோடு இரண்டு பருவங்கள் படகு கரையிலேயே நிற்கும். இவர்கள் கரையோரம் பழகிக்கொள்ள ஒதுக்கி வைத்திருந்த அதே இரண்டு பருவங்கள்.

புதியதை வாங்குங்கள் என்றேன். சொல்லும்போது எனக்கும் வலித்தது. அந்த ஒடுங்கிய உடல் இன்னும் ஐம்பது ஆண்டுகள் கடலில் நிற்கும். தச்சு வேலை தெரிந்த, அவசரமில்லாத, கூரையுள்ள பட்டறை கைவசம் இருக்கும் ஒருவருக்கு அதைவிட நல்ல படகை நான் காட்ட மாட்டேன். இவர்களிடம் அந்த மூன்றும் இல்லை. 2.01 என்ற எண்ணைப் பற்றி மாப்பிள்ளை மறுபடியும் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். நிலைப்பு வரைபடம் திருப்தியாக இருக்கிறது, தளத்தின்மேல் கனமான சாமான்களை ஏற்றாதீர்கள், பருவம் பார்த்துக் கிளம்புங்கள் என்றேன். சோதனை ஓட்டத்தை அதற்கும் பிறகுதான் வைத்தோம். காற்றில் படகு சாய்ந்து ஓடத் தொடங்கினால் மனம் இளகிவிடும், அப்போது குறைகள் கண்ணில் படாது. சுக்கானைக் கைவிட்டால் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது, அலையில் மோதும்போது உள்ளே கதவுகள் உரசுகின்றனவா, காற்று எதிர்ப்பக்கம் உள்ள கம்பிகள் எவ்வளவு தொய்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டோம். பழுதுபார்க்கும் செலவை முன்வைத்துப் பேசியதில் விற்பவர் விலையைக் குறைத்தார். சர்வேயரின் அறிக்கை இல்லாமல் அந்தப் பேச்சையே தொடங்கியிருக்க முடியாது.

ஐயா, கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் வாரங்களில் வெளிவரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உடல், அடிக்கட்டை இணைப்பு, தளம், சுக்கான், நிலைக்கம்பித் தகடுகள் ஆகியவை முதல் பகுதியில் வரட்டும். அவற்றுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். தேறியது அல்லது தேறவில்லை, தேறவில்லை என்றால் சரிசெய்ய என்ன செலவு, எவ்வளவு காலம் என்று மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் இரண்டாம் பகுதியில், முதல் பகுதியில் தேறிய படகுகளுக்கு மட்டும். கூடவே, வாங்கும் ஒப்பந்தத்தில் "கரையேற்றிய சோதனைக்கும் கடல் ஓட்டத்துக்கும் உட்பட்டு" என்ற வாசகம் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும், படகின்மேல் கடன் நிலுவை எதுவும் இல்லை என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் கட்டம் கட்டிப் போடுங்கள். கரையேற்ற விடமாட்டேன் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்பீட்டிலிருந்து அதை அப்போதே நீக்கிவிடலாம் என்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற படகுப் பழுதுபார்ப்பாளர்